பழைய கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றும்போது பாட்டுப் பாட்டாக வெட்டாதீர்கள்

பரணில் கிடக்கும் எல்லா கேசட்டையும் ஏற்ற வேண்டியதில்லை. கடையில் வாங்கிய சினிமாப் பாட்டுக் கேசட்டுகளில் இருப்பது பெரும்பாலும் ஸ்ட்ரீமிங்கிலேயே இதைவிட நல்ல தரத்தில் கிடைக்கும், அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். வேறு எங்கும் கிடைக்காதவற்றை முதலில் எடுங்கள்: ரெக்கார்டிங் சென்டரில் பாட்டுப் பட்டியல் எழுதிய துண்டுச்சீட்டைக் கொடுத்துப் பதிந்து வாங்கியது, சபாவில் யாரோ மடியில் டேப்பை வைத்துப் பதிந்த கச்சேரி, தாத்தா பேசியது.

ஓடுகிற கேசட் டெக் (கேசட்டை ஓட்டும் கருவி) ஒன்று வேண்டும். டேப்பைக் கம்ப்யூட்டரில் செருகினால் போதும் என்று விற்கும் மலிவான யூஎஸ்பி பிளேயர்களில் பல ஒரே வேகத்தில் ஓடுவதில்லை, சுருதி ஆடும். பழைய நல்ல டெக்கை இரவல் வாங்குவது மேல். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சுக்குச்சியை நனைத்து, டேப் உரசிப் போகும் ஹெட்டைத் துடையுங்கள், பழுப்பாக வருவது டேப்பிலிருந்து உதிர்ந்த துகள். அப்புறமும் ஓசை போர்வைக்குள்ளிருந்து வருவது போல இருந்தால் ஹெட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னத் திருகைத் துளித்துளியாகத் திருப்பிப் பாருங்கள், தாளச் சத்தம் எங்கே பளிச்சென்று கேட்கிறதோ அங்கே நிறுத்துங்கள். முக்கால்வாசி வித்தியாசம் இந்த ஒரு திருகில்தான், ஆனால் பலர் இதைத் தொடுவதே இல்லை.

டெக்கின் லைன் அவுட்டிலிருந்து, லைன் இன் உள்ள ஒரு சின்ன யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸுக்கு (ஒலியை டிஜிட்டலாக்கிக் கம்ப்யூட்டருக்குத் தரும் பெட்டி) வயர் போடுங்கள். லேப்டாப்பின் மைக் ஓட்டையில் செருக வேண்டாம், பல லேப்டாப்பில் அது மோனோதான். பதிவு செய்ய ஆடாசிட்டி என்ற மென்பொருள் இலவசம், அது போதும். 44.1 கிலோஹெர்ட்ஸ், ஸ்டீரியோ, 24 பிட் என்று வைத்துக்கொண்டு, சத்தம் உச்சத்தில் இருக்கும் இடத்திலும் மீட்டர் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாதபடி அளவைக் குறையுங்கள். இரைச்சலை நீக்கும் வசதியைக் கண்டதும் கை பரபரக்கும்; மூலப்பதிவில் கை வைக்காதீர்கள், வேண்டுமானால் பிரதி எடுத்து அதில் விளையாடுங்கள்.

சரி, இப்போது வெட்டும் விஷயம். ஒரு பக்கம் முழுவதையும் ஒரே கோப்பாக, ஃபிளாக் வடிவில் சேமியுங்கள். சிடி தரத்தில் சுருக்காத ஒலி நிமிடத்துக்குச் சுமார் 10.5 எம்பி, 90 நிமிடக் கேசட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய 475 எம்பி. 24 பிட்டில் அது ஒன்றரை மடங்காகும். ஃபிளாக் எதையும் இழக்காமல் அதைக் கணிசமாகக் குறைத்துவிடும். பாட்டு தொடங்கும் இடங்களில் ஆடாசிட்டியில் கன்ட்ரோல் பி அழுத்திப் பெயர் எழுதி வைத்தால் போதும், எப்போது வேண்டுமானாலும் தனித்தனியாக எடுத்துக்கொள்ளலாம்.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், எம்பி3 வந்த பிறகு பாட்டு தனி உருப்படியாகிவிட்டது. அந்தப் பாட்டுக்கு முன்னும் பின்னும் என்ன வந்தது என்பது யாருக்கும் பொருட்டில்லை. கச்சேரிக் கேசட்டில் ஆலாபனை, கிருதி, நிரவல், ஸ்வரம், தனி ஆவர்த்தனம் (மிருதங்கம் முதலான தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் பகுதி) என்று வரிசையாகப் போகும், தனியைத் தாண்ட வேண்டுமானால் ஃபார்வர்டு பட்டனை அழுத்தி, நிறுத்தி, கேட்டு, மறுபடி அழுத்த வேண்டும், அந்தச் சோம்பலிலேயே எத்தனையோ பேர் மிருதங்கம் கேட்கப் பழகினார்கள். அதையே தனித்தனிக் கோப்பாக்கி விட்டால் தனி வந்ததும் விரல் அடுத்ததற்குப் போய்விடும். கூடவே ஒரு தொழில்நுட்பத் தொல்லையும் உண்டு: எம்பி3 ஒவ்வொரு கோப்பின் முன்னும் பின்னும் துளி மௌனத்தைச் சேர்க்கும், ஆலாபனை கிருதியாக மாறுகிற இடத்தில் இது இடறும்.

போனுக்கு வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால் வெட்டுங்கள், ஆனால் பெயருக்கு முன்னால் ஏ01, ஏ02 என்று எண் போடுங்கள், இல்லாவிட்டால் பிளேயர் அகர வரிசையில் அடுக்கிவிடும். ஆல்பம் என்ற இடத்தில் கேசட்டின் பெயரை நிரப்புங்கள். பிளேயரில் கேப்லெஸ் (கோப்புகளுக்கு நடுவே இடைவெளி விடாத வசதி) இருந்தால் இயக்குங்கள், ஷஃபிளை அணையுங்கள். சத்த அளவைச் சமன் செய்யும் வசதி இருந்தால் ஆல்பத்துக்கு என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். பாட்டுக்குப் பாட்டு சமன் செய்தால் மெல்லிய விருத்தமும் தவில் முழங்கும் பாட்டும் ஒரே சத்தத்தில் வந்து நிற்கும், அதைக் கேட்கச் சகிக்காது.

உறைக்குள் இருக்கும் அட்டையையும் படம் எடுத்துக் கோப்போடு சேர்த்துவிடுங்கள், ரெக்கார்டிங் சென்டர்க்காரர் கையெழுத்தில் எழுதிய பட்டியல் அதில்தான் இருக்கிறது. கோப்புகளை இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் வையுங்கள், ஒன்று வேறு யார் வீட்டிலாவது இருக்கட்டும். கேசட்டைத் தூக்கிப் போட வேண்டாம். நாளைக்கு இதைவிட நல்ல டெக் கைக்கு வந்தால் மறுபடி ஏற்றிக்கொள்ளலாம்.