இஃதிகாஃபுக்குப் போகிறவர்கள் முன்கூட்டியே செய்ய வேண்டியவை

எல்லாவற்றையும் விட்டுவிட்டு எங்காவது போய் உட்கார்ந்துவிட வேண்டும் என்று சொல்கிறவர்கள் காரைக்குடியில் நிறையப் பேர், நானும் சொல்லிக்கொண்டிருந்தவன்தான். எனக்குப் பழைய வீட்டுச் சாமான் கடையில் வேலை. செட்டியார் வீடுகளைப் பிரிக்கும்போது வருகிற பர்மாத் தேக்குத் தூண், நிலை, கதவு, பீங்கான் ஜாடி எல்லாம் எங்கள் கை வழியாகத்தான் போகும், மூன்று தலைமுறை நுழைந்து வந்த வாசல்நிலை லாரியில் மல்லாந்து கிடப்பதைப் பார்த்தால் துன்யாவின் (இந்த உலக வாழ்க்கையின்) மேல் உள்ள பிடி தானாகத் தளரும். ஆனால் நம் மார்க்கத்தில் துறவறம் இல்லை. ரமலானின் கடைசிப் பத்து நாளில் வணக்கத்துக்காகப் பள்ளிவாசலில் தங்கிவிட்டுத் திரும்பி வருகிற இஃதிகாஃப்தான் இருக்கிறது.

போவதற்கு முன் வீட்டைச் சரி செய்யுங்கள். இதை நான் முதல் தடவை செய்யவில்லை, பத்து நாளும் மனசு வீட்டிலேயே இருந்தது. நபித்தோழர் அபூதர்தா (ரலி) பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் தொழுகையுமாக இருந்தவர். அவர் மனைவி தன்னைக் கவனித்துக்கொள்ளாமல் இருந்ததைப் பார்த்து இன்னொரு தோழரான ஸல்மான் (ரலி) காரணம் கேட்கிறார், 'உங்கள் சகோதரருக்கு இந்த உலகத்தில் எதுவும் தேவைப்படவில்லை' என்று அந்த அம்மா சொல்கிறார். ஸல்மான் அவரை உட்காரவைத்துச் சாப்பிட வைத்து, இரவில் எழப்போனவரைத் தூங்கு என்று படுக்க வைத்து, கடைசிப் பகுதியில்தான் எழுப்பித் தொழ வைத்தார். 'உன் இறைவனுக்கு உன்மேல் உரிமை இருக்கிறது, உன் உடம்புக்கு இருக்கிறது, உன் குடும்பத்துக்கும் இருக்கிறது' என்று அவர் சொன்னதைக் கேட்டு, ஸல்மான் சொன்னது உண்மை என்றார்கள் நபி (ஸல்). அதனால் வீட்டுச் செலவுக்குப் பணம், பால்காரர் கணக்கு, பிள்ளைகளின் பெருநாள் துணி, தர வேண்டிய கடன், எல்லாவற்றையும் இருபதாம் நோன்புக்குள் முடித்துவிடுங்கள். வயதான அத்தாவையோ அம்மாவையோ பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லையென்றால் போகவே வேண்டாம்.

இருபதாம் நோன்பு அன்று சூரியன் மறைவதற்குள் நிய்யத்தோடு (மனதில் எண்ணம் வைத்து) பள்ளிக்குள் இருக்க வேண்டும். ஜும்ஆ (வெள்ளிக்கிழமைத் தொழுகை) நடக்கிற பள்ளியாகப் பாருங்கள், வெள்ளிக்கிழமை வெளியே போகிற வேலை மிச்சம். போனதும் பள்ளியில் தொழ வைக்கிற ஹஜ்ரத்திடம் பள்ளியின் எல்லை எதுவரை என்று கேட்டுக்கொள்ளுங்கள், ஒளுச் செய்யும் (தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவும்) இடமும் வராந்தாவும் சில பள்ளிகளில் எல்லைக்கு வெளியே இருக்கும். ஹனஃபி மத்ஹபில் (மார்க்கச் சட்டப் பிரிவில்) தேவையில்லாமல் வெளியே போனால் இஃதிகாஃப் முறிந்துவிடும், வெயிலுக்காகக் குளிக்கப் போவதும் அந்தக் கணக்கில்தான் வரும். ஷாஃபி மத்ஹபுக்காரர்கள் அவரவர் ஆலிமிடம் (மார்க்க அறிஞரிடம்) கேளுங்கள். பெண்கள் வீட்டில் தொழுகிற இடத்திலேயே இருப்பது ஹனஃபி வழக்கம்.

சாமான் கொஞ்சம் போதும். மூன்று கைலி, துண்டு, மிஸ்வாக் (பல் துலக்கும் குச்சி), குர்ஆன், தண்ணீர்ப் பாட்டில். எங்கள் பள்ளியில் ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, லுஹருக்கு (மதியத் தொழுகைக்கு) அப்புறம் கன்னத்தை வைத்துப் படுத்தால் சில்லென்று சுகமாக இருக்கும், ஸஹருக்கு (விடியலுக்கு முன் சாப்பிட) எழும்போது அதே கல் முதுகைப் பிடித்துக்கொள்ளும். ஜமுக்காளத்தோடு ஒரு மெல்லிய மெத்தையும் கொண்டுபோங்கள். தூண் ஓரமாக ஒரு வேட்டியைக் கட்டி மறைத்துக்கொண்டால் உங்கள் மூலை தயார்.

பெரிய சோதனை போன்தான். பட்டன் போன் ஒன்றை எடுத்துக்கொண்டு, அஸருக்கு (மாலைத் தொழுகைக்கு) அப்புறம் வீட்டோடு பத்து நிமிடம் பேசிவிட்டு அணைத்துவிடுங்கள். வாயைக் கட்டிக்கொண்டு பேசாமலே இருப்பது இபாதத் (வணக்கம்) இல்லை. வெயிலில் நின்று, பேசாமல், நிழலுக்கும் போகாமல் நோன்பு இருப்பதாக நேர்ந்துகொண்ட அபூ இஸ்ராயீலைப் பேசச் சொல்லி, நிழலில் உட்காரச் சொல்லி, நோன்பை மட்டும் முடிக்கச் சொன்னார்கள் நபி (ஸல்). அவர்களே இஃதிகாஃபில் இருக்கும்போது தலையை வீட்டுப் பக்கம் நீட்ட, மனைவி ஆயிஷா (ரலி) வாரிவிட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் பார்க்க வந்தால் விரட்டாதீர்கள்.

மூன்றாம் நாள், நான்காம் நாள் சலிப்பு வரும். கடையில் யார் இருக்கிறார்கள், அந்தத் தூணுக்கு ஆள் வந்தாரா என்று மனசு ஓடும். அப்போது ஓதுவதை நிறுத்திவிட்டுக் கொஞ்சம் தூங்குங்கள், இல்லையென்றால் நோன்புக் கஞ்சி ஊற்றுகிறவர்களுக்குக் கை கொடுங்கள், பள்ளிக்குள்ளேயே நடக்கிற வேலைதான். ஐந்தாம் நாள் தானாக அமைதி வந்துவிடும். லைலத்துல் கத்ர் என்ற சிறப்பு இரவைத் தேடுகிற ஒற்றைப்படை இரவுகளுக்காகப் பகலில் தூக்கத்தைச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள், 27 அன்று கூட்டம் வரும், 29 அன்று பள்ளி காலியாக இருக்கும், எனக்குப் பிடித்தது 29தான்.

பிறை அறிவிப்பு வந்ததும் உங்கள் மூலையைக் கூட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். ஃபித்ராவை (ஏழைகளுக்கான பெருநாள் தர்மத்தை) பெருநாள் தொழுகைக்கு முன் கொடுத்தாக வேண்டும், அதற்கான பணத்தை உள்ளே போவதற்கு முன்பே வீட்டில் எண்ணி வைத்துவிடுங்கள்.