இருளர் வீட்டுக்கு ராத்திரியில் போலீஸ் வந்தால்
விழுப்புரம் பக்கம் எங்காவது திருட்டு என்றால் இருளர் பழங்குடியினரின் வீட்டுக் கதவைத் தட்டுவது பல காலமாக நடக்கிற அநியாயம். அப்படி யாரையாவது கூட்டிப்போனால் எந்த ஸ்டேஷன், வண்டி நம்பர், எத்தனை மணி என்று உடனே நாலு பேருக்குப் போனில் அனுப்பிவிடுங்கள், ஏனென்றால் பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியாக வேண்டும், பிடித்த நேரத்தை அவர்கள் மாற்றி எழுதினால் அந்த மெசேஜ்தான் சாட்சி பேசும். கைது செய்யும்போது போலீஸ் எழுதும் கைதுக் குறிப்பில் குடும்பத்தாரோ ஊர்ப் பெரியவரோ ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். வெற்றுத்தாளில் கைநாட்டு வைக்கவே வைக்காதீர்கள். அப்புறம் இலவச சட்ட உதவி எண்ணான 15100-ஐ அழையுங்கள். பழங்குடியினருக்கு வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. அடித்திருந்தால், போலீஸ் பக்கத்திலேயே நின்றாலும், சட்டையைக் கழற்றி மாஜிஸ்திரேட்டிடம் காயத்தைக் காட்டச் சொல்லுங்கள்.