ஆய்வுக் கேள்வி, நோக்கு, முறை: மூன்றையும் பொருத்துவது எப்படி?

கல்வியியல், சமூகவியல் ஆய்வேடுகள் பலவற்றில் முறையியல் அத்தியாயம் ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருக்கும். முதல் நான்கைந்து பக்கங்களில் நேர்க்காட்சிவாதம் (அளந்து அறிவது), பொருள்விளக்க நோக்கு (மனிதர் தம் செயலுக்குத் தரும் பொருளைப் புரிந்துகொள்வது), விமர்சன நோக்கு (பின்னால் உள்ள அதிகாரத்தைக் கேள்வி கேட்பது) என்று பாடநூல் விளக்கம். அடுத்த பக்கத்திலேயே "எனவே இந்த ஆய்வுக்கு வினாப்பட்டியல் பயன்படுத்தப்பட்டது" என்ற வரி. அந்த "எனவே" எங்கிருந்து வந்தது என்பதற்கு அத்தியாயத்தில் பதில் இருக்காது. வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் கை வைக்கும் இடம் இதுதான்.

பாரடைம் எனப்படும் ஆய்வு நோக்கு, எதைச் சான்றாக ஏற்பீர்கள் என்பதை முன்கூட்டியே தீர்மானிக்கிறது. அந்தத் தீர்மானம் மாதிரி எடுப்பதிலும் கருவி தயாரிப்பதிலும் பகுப்பாய்விலும் தெரிய வேண்டும். தெரியவில்லையென்றால் அந்த நான்கு பக்கங்களைக் கிழித்துவிட்டாலும் ஆய்வேட்டுக்கு எந்தக் குறையும் வராது.

வகுப்பில் மாணவர்கள் கேள்வி கேட்காமல் இருப்பது என்ற ஒரே தலைப்பை வைத்துக்கொண்டு படிப்படியாகப் பார்ப்போம்.

முதலில் கேள்வி

தலைப்பு வேறு, ஆய்வுக் கேள்வி வேறு. இந்தத் தலைப்பிலிருந்தே குறைந்தது நான்கு கேள்விகள் கிளைக்கும்.

ஒன்று: ஆசிரியர் வினா எழுப்பியபின் 3 விநாடியாவது காத்திருந்தால் மாணவர் கேட்கும் கேள்விகள் கூடுகின்றனவா? 1970களில் அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ செய்த வகுப்பறை ஆய்வுகளில், ஆசிரியர்கள் ஏறத்தாழ ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். அதை 3 விநாடிக்கு மேல் நீட்டியபோது மாணவர் பதில்கள் நீண்டன, தாமாகக் கேட்கும் கேள்விகளும் கூடின. இங்கே கேள்வி என்பது எண்ணக்கூடிய பொருள். யார் எண்ணினாலும் ஏறக்குறைய ஒரே விடை வர வேண்டும். இது நேர்க்காட்சிவாதத்தின் வழிவந்த நோக்கு. இன்று இந்த வழியில் போகிறவர்கள் முழு உறுதி கிடைக்கும் என்று சொல்வதில்லை. பிழையை அளந்து சொல்கிறார்கள்.

இரண்டு: கேள்வி கேட்க நினைத்து வாயை மூடிக்கொள்ளும் மாணவருக்கு அந்த நொடி என்னவாக இருக்கிறது? இதை எண்ணிப் பயனில்லை. அவர் செயலுக்கு அவர் கொடுக்கும் பொருளைப் புரிந்துகொள்ள வேண்டும். சமூகவியலாளர் மாக்ஸ் வேபர் வலியுறுத்திய பொருள்விளக்க நோக்கு இங்கே பொருந்தும்.

மூன்று: யார் கேட்டால் அது "நல்ல கேள்வி" ஆகிறது, யார் கேட்டால் "அதிகப்பிரசங்கித்தனம்" ஆகிறது? இதில் அதிகாரம் நுழைந்துவிட்டது. இது விமர்சன நோக்கு.

நான்கு: என் வகுப்பில் இந்த நிலையை எப்படி மாற்றுவது? திட்டமிடு, செய், விளைவைப் பார், திட்டத்தைத் திருத்து என்று சுழலும் செயலாய்வு இதற்கு ஏற்றது. உளவியலாளர் கர்ட் லெவின் 1946இல் முன்வைத்த வடிவம் அது. ஒரே ஒரு சுற்றோடு நிறுத்திவிட்டால் அது செயலாய்வு ஆகாது, ஒரு முயற்சியின் அறிக்கைதான்.

உங்கள் கேள்வி இவற்றில் எந்த வகை என்று சந்தேகம் வந்தால், கிடைக்கப்போகும் விடையின் முதல் வாக்கியத்தைக் கற்பனையாக எழுதிப் பாருங்கள். அதில் எண் வருகிறதா, ஒருவரின் சொற்கள் வருகின்றனவா, ஒரு நடைமுறை மாற்றம் வருகிறதா என்பதிலேயே நோக்கு வெளிப்பட்டுவிடும். இரண்டு வகை விடைகள் தேவைப்பட்டால் கேள்வியையும் இரண்டாகப் பிரித்து எழுதுங்கள்.

தரவு திரட்டுவதற்கு முன் ஒரு தாளில் கட்டம் போடுங்கள்: கேள்வி, அதற்குப் போதுமான சான்று, யாரிடமிருந்து, எந்தக் கருவியால், எந்தப் பகுப்பாய்வால். ஒரு கேள்விக்கு ஒரு வரிசை. கருவியில், அதாவது வினாப்பட்டியல் போன்றவற்றில், உள்ள எந்த உருப்படியும் ஏதாவது ஒரு வரிசையில் சேர வேண்டும். சேராததை இப்போதே எடுத்துவிடுங்கள். "இருக்கட்டும், பின்னால் உதவும்" என்று வைத்த உருப்படிகள்தான் வினாப்பட்டியலை நீட்டி, பதில் சொல்பவரைக் களைப்படையச் செய்து, கடைசிப் பக்கப் பதில்களைக் கெடுக்கின்றன.

எண்ணுவதானால்

எதை எண்ணுகிறோம் என்ற வரையறைதான் முதல் வேலை. "டீச்சர், இன்னொரு தடவ சொல்லுங்க" என்பது கேள்வியா? "இது தேர்வுக்கு வருமா?" என்பது? "வெளியே போகலாமா?" என்பது? பாடப்பொருளைப் பற்றியது மட்டுமே கணக்கில் சேரும் என்று முடிவுசெய்தால் முதலாவது தகராறில் நிற்கும், இரண்டாவதும் மூன்றாவதும் விழுந்துவிடும். ஒவ்வொரு முடிவையும் எடுத்துக்காட்டோடு ஒரு பக்கக் குறிப்பேட்டில் எழுதிவைத்து, இரண்டு பார்வையாளர்களிடம் கொடுத்து, ஒரே பாடவேளையைத் தனித்தனியாகக் குறிக்கச் சொல்லுங்கள்.

அவர்கள் 86 சதவீதம் ஒத்துப்போனார்கள் என்று மகிழ்வதற்கு முன் கோஹனின் காப்பாவைக் கணக்கிடுங்கள். 1960இல் வந்த அளவு இது. தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துவிடும். இருவரும் 90 சதவீதக் கூற்றுகளைப் "பாடம் சார்ந்தது" என்றே குறித்திருந்தால், கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலும் 82 சதவீதம் ஒத்துப்போகும். 86லிருந்து 82ஐக் கழித்து, மீதமிருக்கும் 18ஆல் வகுத்தால் காப்பா 0.22 மட்டுமே. வரையறையைத் திருத்தி மறுபடி குறிக்க வேண்டும் என்று அர்த்தம்.

மாதிரியின் அளவைப் பற்றி அதிகம் குழம்புவது 384 என்ற எண்ணில். பெரிய மக்கள்தொகையில், அதாவது ஆய்வுக்கு உரிய மொத்தக் கூட்டத்தில், ஒரு விகிதத்தை 95 சதவீத நம்பிக்கையில், கூட்டியோ குறைத்தோ 5 சதவீதப் பிழைக்குள் மதிப்பிடத் தேவையான எண்ணிக்கை அது. மக்கள்தொகை 1000 என்றால் 278 போதும். இது எல்லோருக்கும் சம வாய்ப்புக் கொடுத்துக் குலுக்கலில் எடுக்கும் எளிய சமவாய்ப்பு மாதிரிக்கு மட்டுமே பொருந்தும். இரண்டு குழுக்களை ஒப்பிடுவதென்றால் கணக்கே வேறு. நடுத்தர அளவு வேறுபாட்டை, அதாவது அரைத் திட்ட விலக்கத்தை (திட்ட விலக்கம் என்பது மதிப்புகள் சராசரியிலிருந்து சிதறும் அளவு), 80 சதவீத ஆற்றலோடும் (வேறுபாடு உண்மையில் இருந்தால் அதைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு) 0.05 முக்கியத்துவ மட்டத்தோடும் (இல்லாத வேறுபாட்டை இருப்பதாகச் சொல்லிவிடும் வாய்ப்பு) பிடிக்க, குழுவுக்கு 64 பேர் வேண்டும்.

இந்த 64 என்ற எண்ணும் மாணவர்களை ஒவ்வொருவராகப் பிரித்துக் குழுவில் போடும்போதுதான் செல்லும். பள்ளியில் அப்படிச் செய்ய முடிவது அரிது; முழு வகுப்பாகத்தான் எடுப்போம். ஒரே வகுப்பில் இருப்பவர்கள் ஒருவரைப்போல் ஒருவர் இருப்பார்கள் என்பதால் தகவல் சுருங்கும். வகுப்புக்கு 30 பேர், வகுப்புக்குள் ஒட்டுறவு (ஒரே வகுப்பினர் ஒத்திருக்கும் அளவு) 0.2 என்றால், தகவல் எத்தனை மடங்கு சுருங்குகிறது என்று காட்டும் வடிவமைப்பு விளைவு 1 + 29 × 0.2, அதாவது 6.8. 600 பேரிடம் திரட்டிய தரவு ஏறத்தாழ 88 பேரின் தரவுக்குச் சமம். மாணவரைக் கூட்டுவதைவிட வகுப்புகளைக் கூட்டுவதே பலன் தரும். ஒரு வகுப்பைச் சோதனைக் குழுவாகவும் இன்னொன்றைக் கட்டுப்பாட்டுக் குழுவாகவும் வைத்தால் நிலைமை இன்னும் மோசம்: ஆசிரியரின் திறமையையும் புதிய முறையின் விளைவையும் எந்தப் புள்ளியியல் சோதனையாலும் பிரிக்க முடியாது.

இன்னொரு கண்ணி, மிகக் குறைவாகப் பேசிய மாணவர்களை மட்டும் பொறுக்கியெடுத்து முன்தேர்வு, பின்தேர்வு நடத்துவது. ஒரு நாள் அளவீட்டில் அடிமட்டத்தில் இருந்தவர்கள் அடுத்த அளவீட்டில் சராசரியை நோக்கி ஏறத்தான் செய்வார்கள். நீங்கள் எதுவும் செய்யாவிட்டாலும் ஏறுவார்கள். ஒப்பீட்டுக் குழுவும் அதே அடிமட்டத்திலிருந்து எடுக்கப்பட்டால்தான் வேறுபாட்டுக்கு மதிப்பு உண்டு.

வினாப்பட்டியல் தயாரிக்கும்போது ஒரு உருப்படியில் ஒரு கருத்து மட்டும் இருக்கட்டும். "ஆசிரியர் அன்பாகவும் தெளிவாகவும் பதிலளிக்கிறார்" என்று எழுதினால், அன்பானவர் ஆனால் தெளிவில்லாதவர் என்று நினைக்கும் மாணவர் எங்கே குறிப்பார்? எதிர்மறை உருப்படிகளை ஐந்துபுள்ளி அளவில் 6லிருந்து கழித்துத் திருப்பிய பிறகே கூட்ட வேண்டும். உருப்படிகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் ஆல்ஃபா திடீரென்று மிகக் குறைவாகவோ எதிர்மறையாகவோ வந்தால் முதலில் பார்க்க வேண்டியது, திருப்ப மறந்த உருப்படி இருக்கிறதா என்பதைத்தான். குரோன்பாக் 1951இல் விளக்கிய அந்த ஆல்ஃபா 0.70ஐத் தாண்டினால் போதும் என்பது வழக்கம். ஆனால் உருப்படிகளைக் கூட்டினாலே அது ஏறிவிடும். நம்பகத்தன்மை ஒன்று, ஏற்புடைமை வேறொன்று: கூச்சத்தை அளப்பதாக நினைத்து ஆசிரியர்மீதுள்ள பயத்தை மிகச் சீராக அளந்துகொண்டிருக்கலாம். இதைப் பிடிக்க, இலக்குக் குழுவைப் போன்ற ஐந்தாறு பேரை உட்கார வைத்து, ஒவ்வொரு உருப்படியையும் படித்து "இதை என்னவென்று புரிந்துகொண்டீர்கள்?" என்று கேளுங்கள். அதன்பின் 30 பேரிடமாவது முன்னோட்டம் பாருங்கள்.

கேட்டுப் புரிந்துகொள்வதானால்

நேர்காணலில் "ஏன் கேள்வி கேட்பதில்லை?" என்று நேரடியாகக் கேட்டால் "தெரியல", "பயமா இருக்கு" என்ற இரண்டு பதில்களோடு உரையாடல் நின்றுவிடும். குறிப்பிட்ட நிகழ்வைக் கேளுங்கள்: "கடைசியா ஒரு சந்தேகம் வந்தும் கேட்காம விட்டது எப்போ? அப்போ என்ன பாடம் நடந்துச்சு? பக்கத்துல யாரு இருந்தாங்க? அப்புறம் அந்தச் சந்தேகத்தை என்ன பண்ணினீங்க?" இந்தக் கடைசிக் கேள்வியில்தான் பெரும்பாலும் பொருள் கிடைக்கும். நண்பரிடம் கேட்டேன், விட்டுவிட்டேன், வேறு ஆசிரியரிடம் போனேன் என்று மௌனத்துக்குப் பின்னால் நடப்பது வெளிவரும். ஆறு முதல் எட்டு முக்கியக் கேள்விகள் 45 நிமிடத்துக்குப் போதும். ஒரு மணி நேர ஒலிப்பதிவை எழுத்தாக்க நான்கு முதல் ஆறு மணி நேரம் ஆகும் என்பதைக் கால அட்டவணையில் சேருங்கள்.

எத்தனை பேர் போதும்? ஒத்த தன்மையுள்ள குழுவில் முதல் 12 நேர்காணல்களுக்குள் பெரும்பாலான குறியீடுகள் (பேச்சின் பகுதிகளுக்கு ஆய்வாளர் இடும் சுருக்கப் பெயர்கள்) வந்துவிட்டதாக 2006இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அதைப் பொது விதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பலதரப்பட்ட மாணவர்கள் இருந்தால் 12 போதாது. புதிய நேர்காணல் புதிய குறியீடு எதையும் தரவில்லை என்பதைத் தேதியோடு பட்டியலிட்டுக் காட்டுங்கள். "தரவு நிறைவடைந்தது" என்று வெறுமனே எழுதினால் யாரும் நம்ப வேண்டியதில்லை.

குறியீடுகளைச் சேர்த்துப் பொதுவான கருத்துகளை எடுக்கும் கருப்பொருள் பகுப்பாய்வில் அதிகம் நடக்கும் தவறு, நேர்காணல் கேள்விகளையே கருப்பொருள்களாக்கிவிடுவது. "மாணவர் கருத்துகள்" என்பது ஒரு பெட்டியின் பெயர். "தவறாகக் கேட்டால் வகுப்பு சிரிக்கும், ஆகவே சரியாகக் கேட்கத் தெரிந்த பிறகே கேட்பது" என்பதுதான் கருப்பொருள், ஏனென்றால் அது ஒரு கூற்றை முன்வைக்கிறது, தரவால் மறுக்கவும் முடியும். மறுக்கும் நேர்காணலைத் தேடிப் பிடித்து அதையும் எழுதுங்கள்.

இங்கேதான் நோக்கின் பிசகு பளிச்சென்று தெரியும். ஆய்வாளரின் சிந்தனையையே பகுப்பாய்வின் கருவியாகக் கொள்ளும் உளவியலாளர்கள் பிரவுன், கிளார்க் ஆகியோரின் வழியைப் பின்பற்றுவதாகச் சொல்லிவிட்டு, காப்பா மதிப்பைச் சான்றாகக் காட்டுகிறவர்கள் பலர். பொருள் ஆய்வாளரோடு சேர்ந்தே உருவாகிறது என்று ஏற்றபின், இரண்டு பேர் ஒரே விடைக்கு வந்தார்கள் என்பது எதை நிரூபிக்கும்? அந்த இடத்தில் கேட்கப்படுவது குறியீடு எப்படி மாறிவந்தது என்ற பதிவும், ஆய்வாளர் எந்த நிலையிலிருந்து பார்த்தார் என்ற விளக்கமும். குறியீட்டுப் பட்டியலை முன்பே வரையறுத்துக்கொண்டு செய்யும் உள்ளடக்கப் பகுப்பாய்வில் காப்பா கேட்பது முறையே.

இரண்டையும் சேர்ப்பதானால்

வினாப்பட்டியலும் பத்து நேர்காணலும் இருந்தால் கலப்பு முறை ஆகிவிடாது. எந்த இடத்தில் ஒன்று மற்றொன்றைத் தொடுகிறது என்று காட்ட வேண்டும். எண்கள் முதலில் என்றால், நேர்காணலுக்கு ஆள் தேர்ந்தெடுப்பது அந்த எண்களிலிருந்து வர வேண்டும்: மதிப்பெண் உயர்ந்தும் ஒரு கேள்விகூடக் கேட்காதவர்கள் யார் என்று தரவிலிருந்து எடுத்து அவர்களிடம் போங்கள். நேர்காணல் முதலில் என்றால், மாணவர்களின் சொற்களே வினாப்பட்டியல் உருப்படிகளாக வேண்டும். இரண்டும் முரண்பட்டால் ஒன்றை மறைக்காதீர்கள். "தயக்கமில்லை" என்று தாளில் குறித்துவிட்டு நேர்காணலில் தயக்கத்தை விவரிக்கும் மாணவர், பெயர் எழுதிய தாளில் பதில் சொன்னாரா, தாளைத் திருத்துகிறவர் யார் என்று நினைத்தார் என்று பாருங்கள்.

இதே காரணத்தால், ஆய்வாளரே வகுப்பாசிரியராக இருந்தால் ஒப்புதலை வேறொருவர் வாங்க வேண்டும். பெற்றோர் கையெழுத்து இருந்தாலும் குழந்தையின் இசைவைத் தனியாகக் கேளுங்கள். மறுத்தால் மதிப்பெண்ணில் எதுவும் மாறாது என்பதை எழுத்தில் கொடுங்கள். யார் மறுத்தார் என்பது பருவ மதிப்பெண் வெளியாகும்வரை உங்களுக்குத் தெரியாதபடி படிவங்களை அந்த மூன்றாமவரே வைத்திருக்கட்டும்.