கூடங்குளம் மரக்காலால் இலங்கையை அளக்காதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் வள்ளியூரில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்குக் கட்டுரை திருத்திக் கொடுப்பது என் வழக்கம். போன மாதம் கொடுத்த தலைப்பு ‘சிறிய நாடுகளும் அணுமின்சாரமும்’. எங்கே திரும்பினாலும் காற்றாலை, கொஞ்ச தூரம் பஸ் ஏறினால் அணு உலை, கடலைத் தாண்டினால் இலங்கை. இப்படிப்பட்ட ஊர்க்காரர்கள் வேறு எந்த நாட்டை எடுப்பார்கள்? முக்கால்வாசிப் பேர் இலங்கையைப் பற்றித்தான் எழுதினார்கள். தவறுகளும் சொல்லிவைத்தாற்போல ஒரே மாதிரி வந்தன.

ஒரு பையன் எழுதியிருந்தான்: “கூடங்குளத்தில் இருப்பதுபோல இரண்டு உலை போட்டால் இலங்கையில் மின்வெட்டே இருக்காது.” எல்லாத் தவறுக்கும் தலையான தவறு இது. கூடங்குளத்தில் ஓர் உலை 1000 மெகாவாட். இந்தியா முழுவதும் இன்று ஒரே மின்தொகுப்பு; எல்லா மின்நிலையங்களும் ஊர்களும் ஒரே கம்பி வலையில் இணைந்திருக்கின்றன. 2024 மே மாதத்தில் அதன் உச்சத் தேவை 2,50,000 மெகாவாட்டைத் தொட்டது. அந்தக் கடலில் ஓர் உலை திடீரென்று நின்றால் குறைவது ஆயிரத்தில் நாலு பங்கு. இலங்கையின் உச்சத் தேவையோ 3000 மெகாவாட்டை ஒட்டித்தான். அங்கே அதே உலை நின்றால் மூன்றில் ஒரு பங்கு நொடியில் காணாமல் போகும்.

பையனுக்குப் புரியவில்லை. கோயில் கொடையில் சப்பரம் தூக்குவதை நினைத்துப் பார்க்கச் சொன்னேன். நாற்பது பேர் தோள் கொடுக்கும்போது ஒருவர் விலகி வேட்டியைக் கட்டிக்கொண்டு வந்தாலும் சப்பரம் அசையாது. மூன்றே பேர் தூக்கி வரும் பீரோவில் ஒருவர் கையை விட்டால் என்ன ஆகும்? மின்தொகுப்பிலும் அதுதான் கதை. ஒன்று நின்றால் மற்றவை அந்தச் சுமையை அதே நொடியில் தாங்க வேண்டும். தாங்க முடியாவிட்டால் தங்களைக் காப்பாற்றிக்கொள்ள அவையும் ஒவ்வொன்றாக விலகிக்கொள்ளும்.

இது வெறும் உவமை இல்லை. 2025 பிப்ரவரி 9, ஒரு ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை துணை மின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டுத் தொடங்கிய கோளாறில் இலங்கை முழுவதும் இருண்டது. நுரைச்சோலை அனல்மின் நிலையமும் நின்றுபோனது. அது பழைய நிலைக்குத் திரும்பும் வரை அடுத்த சில நாட்களுக்கு மின்வெட்டு. குரங்கை வைத்து எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அன்று விடுமுறை, தேவை குறைவு, கூரைகளில் இருந்து சூரிய மின்சாரம் கொட்டிக்கொண்டிருந்தது. அதிர்ச்சியைத் தாங்குபவை அனல், நீர்மின் நிலையங்களின் கனமான சுழலிகள்; அவை குறைவாகவே ஓடின. குரங்கைத் தாண்டிப் பார்க்க வேண்டிய இடம் அது.

அதனால்தான் ஒரு தனி உலை மொத்தத் தொகுப்பில் பத்து சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று ஒரு பொதுக் கணக்கு வைத்திருக்கிறார்கள். இலங்கைக்கு அது சுமார் 300 மெகாவாட்.

“அப்போ சின்ன உலை வாங்கலாமே சார்?” என்றான். சரி, நல்ல கேள்வி. ஆனால் படத்தில் உள்ள உலையை ஓடுகிற உலையாக எழுதுவது அடுத்த தவறு. ரஷ்யாவின் பெவெக் துறைமுகத்தில் மிதக்கும் நிலையம் ஒன்று 35 மெகாவாட் உலைகள் இரண்டோடு 2020 முதல் ஓடுகிறது. சீனாவிலும் ஒன்று உண்டு. அமெரிக்காவில் யூட்டா மாநிலத்து நகராட்சிகளுக்காகப் போட்ட சின்ன உலைத் திட்டமோ விலை ஏறி, 2023 நவம்பரில் கைவிடப்பட்டது. புதுச் சரக்குக்கு முதல் போணி செய்வது பணக்காரர்கள் வேலை. கடனில் இருக்கிற நாடு இரண்டாவது, மூன்றாவது ஆளாக வரிசையில் நிற்பதுதான் உத்தமம் என்பது என் கருத்து.

உலையைச் சிறிதாக்குவதற்குப் பதிலாகத் தொகுப்பைப் பெரிதாக்கலாம். இதை யாருமே எழுதவில்லை. ஸ்லோவேனியாவில் சுமார் இருபது லட்சம் பேர்தான். ஆனாலும் கிர்ஷ்கோவில் ஏறக்குறைய 700 மெகாவாட் உலை ஒன்று 1980கள் முதல் ஓடுகிறது. எப்படி? ஐரோப்பியத் தொகுப்போடு கம்பி இணைந்திருக்கிறது. அதோடு பாதி உலை பக்கத்து நாடான குரோவேஷியாவுக்குச் சொந்தம். மின்சாரமும் பாதி, கழிவின் பொறுப்பும் பாதி. இந்தியாவையும் இலங்கையையும் மின்கம்பியால் இணைக்க 2025 ஏப்ரலில் ஒரு புரிந்துணர்வு கையெழுத்தானது. உலைக்கு முன்னால் இந்தக் கம்பியைப் பற்றிப் பேசியிருக்க வேண்டும்.

கையெழுத்து என்றதும் நினைவுக்கு வருகிறது. ஒப்பந்தம் போட்டாலே மின்சாரம் வந்துவிட்டதாக எழுதுகிறார்கள். 2015 பிப்ரவரியில் இந்தியாவும் இலங்கையும் அணுசக்தி ஒத்துழைப்பு ஒப்பந்தம் செய்தன என்பது உண்மை. அது பயிற்சிக்கும் அறிவுப் பரிமாற்றத்துக்கும் கதவு திறப்பது. உலை விற்பனைப் பத்திரம் இல்லை. நம் வீட்டு வாசலில் நடந்ததையே பாருங்கள். கூடங்குளத்துக்காக 1988 நவம்பரில் ராஜீவ் காந்தியும் சோவியத் தலைவர் கோர்பச்சேவும் கையெழுத்திட்டார்கள். மூன்று ஆண்டில் கையெழுத்துப் போட்ட சோவியத் நாடே இல்லாமல் போனது. 1998இல் ரஷ்யாவோடு திரும்பப் பேசி, 2002இல் காங்கிரீட் கொட்டி, முதல் உலையின் மின்சாரம் கம்பியில் ஏறியபோது 2013 அக்டோபர். இருபத்தைந்து ஆண்டு! கையெழுத்தான வருஷம் பிறந்த குழந்தைக்கு அதற்குள் கல்யாணமே ஆகியிருக்கும்.

அந்த இடைவெளியில் ஒப்பந்தத்தின் உள்ளே இருந்ததும் மாறியது. எரித்து முடித்த எரிபொருள் சோவியத்துக்கே திரும்பிப் போகும் என்றுதான் முதலில் பேச்சு. பிறகு அது இங்கேயே இருக்கும் என்றானது. நிலையத்துக்கு வேண்டிய நல்ல தண்ணீர் பேச்சிப்பாறை அணையிலிருந்து என்றார்கள். கடைசியில் கடல் நீரை உப்பு நீக்கி எடுப்பது என்றானது. ஆகவே ‘வெளிநாட்டு உதவியுடன்’ என்று இரண்டு சொல்லில் தாண்டிவிடாதீர்கள். எரிபொருள் யார் தருவார்கள், கழிவு யாரிடம் தங்கும், விபத்து நடந்தால் நட்ட ஈடு யார் பொறுப்பு என்று பிரித்துக் கேட்டு எழுதுங்கள்.

கடனையும் கேட்க வேண்டும். பிலிப்பைன்ஸ் பத்தானில் கட்டிய 620 மெகாவாட் உலை ஒரு யூனிட் மின்சாரம்கூடத் தரவில்லை; அதன் கடனை 2007 வரை கட்டினார்கள். வங்கதேசம் ரூப்பூரில் 2400 மெகாவாட்டுக்குச் செலவில் தொண்ணூறு சதவீதம் ரஷ்யக் கடன். ரஷ்ய வங்கிகள் மீது தடை விழுந்ததும் தவணை கட்டுவதற்கே வழி தேட வேண்டியதாயிற்று.

வியன்னாவில் இருக்கும் சர்வதேச அணுசக்தி முகமையை அனுமதி தரும் தாலுகா ஆபீஸ்போல எழுதுகிறார்கள். அது உரிமமும் தராது, உலை கட்டப் பணமும் தராது. பத்தொன்பது விஷயங்களைப் பட்டியலிட்டு, தயாரா என்று பார்த்துச் சொல்லும். உரிமம் தர நாட்டுக்குள்ளேயே தனி ஒழுங்காற்று அமைப்பு வேண்டும். இலங்கை அதற்கு 2014இல் சட்டம் போட்டது.

அப்புறம், காற்றாலையா அணு உலையா என்று பட்டிமன்றம் நடத்துவது. ஆனி ஆடியில் பணகுடிப் பக்கம் இறக்கைகள் நிற்காமல் சுழலும். ஐப்பசியில் பாதி சும்மா நிற்கும். உலையோ இரவும் பகலும் ஒரே சீராக ஓடத்தான் விரும்பும். பெரிய தொகுப்பில் இரண்டும் ஒத்துப்போகும். சிறிய நாட்டில் ஞாயிறு நண்பகலில் வெயிலும் உலையும் சேர்ந்து தேவையையே மிஞ்சிவிடலாம். அப்போது யாரை நிறுத்துவது?

மக்களைக் கடைசிப் பத்தியில் ‘விழிப்புணர்வு ஏற்படுத்த வேண்டும்’ என்று முடித்தவர்கள் ஏழு பேர். 2011இல் கூடங்குளத்துக்குப் பக்கத்தில் இடிந்தகரையில் உலைக்கு எதிராகக் கூட்டம் திரண்டபோது முதல் உலை கட்டி முடியும் நிலையில் இருந்தது. ஜப்பானின் புகுஷிமா அணு உலை விபத்தைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, கடலை நம்பிப் பிழைக்கிறவர்கள் கேட்ட கேள்விகள் அவை. 2013 மே மாதம் உச்ச நீதிமன்றம் உலைக்கு அனுமதி தந்தது. கேள்வி கேட்டவர்களுக்குப் பதில் கிடைத்ததா என்பது வேறு விஷயம். ஏழு தாளிலும் அந்தப் பத்தியை வட்டமிட்டு, அம்புக்குறி போட்டு, முதல் பக்கத்துக்குக் கொண்டுபோகச் சொன்னேன்.

அந்தப் பையன் அடுத்த வாரம் திருத்தி எழுதிக்கொண்டு வந்தான். இப்போது முதல் வரியே கேள்வியாக இருந்தது: “ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் இலங்கைக்கு எத்தனை மெகாவாட் வேண்டும்?”