17 வருட வேலையை விடலாமா? நான் முடிவெடுத்த விதம்

திருகோணமலை டவுனில் ஒரு இரும்புக் கடையில் 17 வருடம் கணக்குப் பார்த்தேன். போன வருடம் சீனன்குடாப் பக்கம் புதிதாகத் தொடங்கிய நிறுவனம் ஒன்று கூப்பிட்டது. என் சம்பளம் 60,000 ரூபாய், அவர்கள் சொன்னது 95,000. இரண்டு கிழமை சரியான நித்திரை இல்லை. டச்பே கடற்கரையில் போய் இருந்து யோசித்தும் தெளியவில்லை.

தெளிய வைத்தது ஒரு கொப்பித் தாள்தான். அந்த 95,000இல் அடிப்படைச் சம்பளம் 45,000 மட்டும். மிச்சம் மாதத்துக்கு மாதம் மாறும் ஊக்கப்பணம். ஓய்வுக்காலத்துக்குச் சேரும் ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளியின் 12 சதவீதத்தையும் என் 8 சதவீதத்தையும் அந்த 45,000க்குத்தான் கட்டுவார்களாம். அப்புறம் பணிக்கொடை, அதாவது வேலையை விடும்போது முதலாளி மொத்தமாகத் தரும் பணம். வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் என்றால் எனக்கு 510,000 ரூபாய் வரவேண்டும். விலகினாலும் அது என் உரிமை. ஆனால் புதிய இடத்தில் மறுபடி 5 வருடம் முடிந்தால்தான் அந்த உரிமை வரும்.

நேரே போய்க் கேட்டேன். அடிப்படையை 70,000 ஆக்கி, கடிதத்திலும் எழுதித் தந்தார்கள். அதைக் கையில் வாங்கிய பிறகே பழைய முதலாளியிடம் சொன்னேன். எனக்கு அதுதான் கஷ்டமான பகுதி. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "போ தம்பி, பிள்ளைகளின்ர படிப்பு இருக்கு" என்றார்.

பணிக்கொடை 30 நாளுக்குள் கைக்கு வந்தது.