இங்கிலாந்தில் டின்னர் எத்தனை மணிக்கு?

யாழ்ப்பாணத்திலிருந்து வட இங்கிலாந்தின் யோர்க்ஷயருக்கு வந்து மூன்றாவது கிழமை, ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் நாள் காலை 11 மணியிருக்கும். அங்கிருந்த வயதான அம்மா ஒருவர் என் கையைப் பிடித்து, "இன்றைக்கு டின்னருக்கு என்ன?" என்று கேட்டார். டின்னர் என்றால் இரவுச் சாப்பாடு என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்திருந்தேன். "அதற்கு இன்னும் நிறைய நேரம் இருக்கு அம்மா, இரவுக்குத்தானே" என்றேன். அவர் முகம் அப்படியே வாடிப்போனது. இரவு வரைக்கும் தனக்குச் சாப்பாடு இல்லை என்று விளங்கிக்கொண்டார். 12.30க்குச் சுடச்சுடத் தட்டு முன்னால் வந்த பிறகுதான் தெளிந்தார். ஒரு சொல் தெரிந்திருந்தால், அந்த ஒன்றரை மணித்தியாலம் அவர் பயந்திருக்கத் தேவையில்லை.

வட இங்கிலாந்திலும், நாட்டின் நடுப்பகுதியான மிட்லண்ட்ஸின் பல இடங்களிலும் டின்னர் என்பது மத்தியானச் சாப்பாடு. பின்னேரம் 5 மணிக்கும் 6 மணிக்கும் இடையில் சாப்பிடுவது டீ. லண்டனிலும் தெற்கின் பெரும்பகுதியிலும் மத்தியானம் லஞ்ச், இரவு 7, 8 மணிக்கு டின்னர். காலைச் சாப்பாடு மட்டும் எங்கே போனாலும் பிரேக்ஃபாஸ்ட்தான். ஊரை மட்டும் வைத்து இதைக் கணக்குப் போட முடியாது. லண்டனிலேயே பரம்பரைத் தொழிலாளர் குடும்பங்கள் பின்னேரச் சாப்பாட்டை டீ என்று சொல்வதுண்டு. சப்பர் என்ற சொல்லும் இப்படித்தான். தெற்கில் வசதியான குடும்பத்தார் அதைச் சொன்னால், ஆடம்பரமில்லாமல் வீட்டோடு சாப்பிடும் இரவுச் சாப்பாடு. வடக்கில் சொன்னால், படுக்கப்போக முன் ஒரு கோப்பைப் பாலும் இரண்டு பிஸ்கட்டும்.

மத்தியானத்தை டின்னர் என்பது படிக்காத ஆட்களின் ஆங்கிலம் என்று நம்மவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு அது மனவருத்தம். அதுதான் பழைய வழக்கு. டின்னர் பழைய பிரெஞ்சிலிருந்து வந்த சொல். அதன் வேரைத் தேடிப் போனால், வெறும் வயிற்றை முடித்துக்கொள்வது என்ற பொருளில் போய் நிற்கும். நாளின் பெரிய சாப்பாடு எதுவோ அதுவே டின்னர். முன்னொரு காலத்தில் பிரபுக்களும் அதை நடுப்பகலில்தான் சாப்பிட்டார்கள். 18ஆம், 19ஆம் நூற்றாண்டுகளில் வசதியானவர்களின் டின்னர் கொஞ்சம் கொஞ்சமாகப் பிந்தி இரவுக்குப் போய்ச் சேர்ந்தது. நடுவில் விழுந்த இடைவெளியில் லஞ்ச் வந்து உட்கார்ந்தது. உடம்பால் உழைத்தவர்களுக்கு நடுப்பகலில் வயிறு நிறைய வேண்டியிருந்தது. அவர்கள் டின்னரை அதன் இடத்திலேயே வைத்துக்கொண்டார்கள். ஆகவே உங்கள் அயலவர் மத்தியானம் டின்னர் என்றால் திருத்தப் போகாதீர்கள்.

பராமரிப்பு வேலைக்கு வந்திருப்பவர்கள் இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். குறிப்பேட்டில் "டின்னர் சாப்பிடவில்லை" என்று ஒருவர் எழுதிவிட்டுப் போவார். எழுதியவர் வடக்கிலுள்ள லீட்ஸில் பிறந்தவர், அவருக்கு அது மத்தியானம். இரவு வேலைக்கு வரும் நீங்கள் அதை மாலைச் சாப்பாடு என்று எடுத்துக்கொள்வீர்கள். இன்சுலின் போடும் ஒருவருக்கு இது சின்ன விஷயமில்லை. எந்த வேளையின் பெயரை எழுதினாலும் பக்கத்தில் மணியையும் எழுதுங்கள். வாயால் பொறுப்புக் கொடுக்கும்போதும், வாங்கும்போதும் "எத்தனை மணிச் சாப்பாடு?" என்று கேளுங்கள். நான் வேலை செய்த இடங்களில் பெரிய சூடான சாப்பாடு மத்தியானம்தான். 5 மணிக்கு வருவது சூப், சாண்ட்விச் போல இலேசாக இருக்கும். மத்தியானத்தைத் தவறவிட்டவருக்கு மாலையில் சரிக்கட்டலாம் என்று நினைக்க முடியாது.

இனி டீ. நமக்கு அது தேத்தண்ணி. இவர்களுக்கும் தேத்தண்ணிதான், ஆனால் சாப்பாடும் அதே சொல்தான். பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. "எ கப் ஆஃப் டீ" என்றால் குடிக்க மட்டும். "கம் ஃபார் யுவர் டீ" என்றால் இருந்து சாப்பிட. வடக்கில் குடிக்கும் தேநீரைப் பெரும்பாலும் ப்ரூ என்பார்கள். அந்தச் சொல் வந்தால் சாப்பாட்டை எதிர்பார்க்க வேண்டாம். ஹோட்டல்களில் சாண்ட்விச், ஸ்கோன், கேக் அடுக்கித் தரும் ஆஃப்டர்நூன் டீ பின்னேரம் 3, 4 மணிக்கு ஆற அமர இருந்து சாப்பிடும் தனி வகை. வீட்டு டீயோடு அதைக் குழப்பவேண்டாம்.

பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கினால் இந்தச் சொல் சீக்கிரமே வீட்டுக்கு வரும். கூடப் படிக்கும் பிள்ளையின் தாய் வாசலில் நின்று, "இன்றைக்கு உங்கள் பிள்ளை எங்கள் வீட்டில் டீக்கு இருக்கட்டுமா?" என்று கேட்பார். 5 மணிக்கு முழுச் சாப்பாடு கொடுப்பார்: பாஸ்தா, அல்லது ஃபிஷ் ஃபிங்கரும் (ரொட்டித்தூள் பூசிய நீள மீன் துண்டு) சிப்ஸும் பீன்ஸும். பிள்ளை மாட்டிறைச்சி சாப்பிடாது, சைவம், முட்டை ஒத்துக்கொள்ளாது, எதுவாக இருந்தாலும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். தயங்கவேண்டாம், சமைத்து வைத்த பிறகு தெரிந்தால்தான் அவர்களுக்குச் சங்கடம். எத்தனை மணிக்குக் கூட்டிப்போக வரவேண்டும் என்றும் கேளுங்கள். நாங்கள் திருப்பிக் கூப்பிடும்போதுதான் கூடுதல் கவனம் வேண்டும். நம் வீடுகளில் இரவு 8.30க்குப் புட்டு அவியும். இங்கே சின்னப் பிள்ளைகள் பலர் அந்த நேரம் உறங்கிவிடுவார்கள். வந்த பிள்ளைக்கு 5.30க்கு முன்னால் சாப்பாடு கொடுத்துவிடுங்கள். நாலு பணியாரம் கொடுத்து இரவுவரை வைத்திருந்தால், அது பசியோடுதான் வீட்டுக்குப் போகும்.

பள்ளிக்கூடத்துக்குள் தெற்கு வடக்கு வித்தியாசம் குறைவு. லண்டனிலும் ஸ்கூல் டின்னர்தான், பரிமாறுபவர் டின்னர் லேடிதான், நேரம் மத்தியானம்தான். வீட்டிலிருந்து கட்டிக்கொடுத்தால் மட்டும் அது பேக்ட் லஞ்ச். இரண்டையும் பிள்ளைகள் ஒரே நேரத்தில்தான் சாப்பிடுகிறார்கள். இங்கிலாந்தின் அரச பள்ளிகளில் ரிசெப்ஷன் (முதலாம் வகுப்புக்கு முந்தைய வகுப்பு), முதலாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாருக்கும் 2014 செப்டெம்பர் முதல் இந்தச் சாப்பாடு இலவசம். லண்டனில் 2023 செப்டெம்பர் முதல் அரச ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் எல்லாருக்குமே இலவசம். மற்ற இடங்களில், மேல் வகுப்புகளுக்குக் குடும்ப வருமானத்தைப் பொறுத்தது. பள்ளி அலுவலகத்தில் படிவம் கேளுங்கள்.

வேலையிடங்களில் ஒரு நாளில் 6 மணித்தியாலத்துக்கு மேல் வேலை என்றால் குறைந்தது 20 நிமிட இடைவேளை உங்கள் உரிமை. 1998ஆம் ஆண்டின் வேலைநேர ஒழுங்குவிதி அப்படிச் சொல்கிறது. அதற்குச் சம்பளம் உண்டா என்பது உங்கள் ஒப்பந்தத்தில் இருக்கும். வேலைக்குக் கட்டிக்கொண்டு போகும் சாப்பாட்டை நியூகாசில் பக்கம் பெய்ட் என்பார்கள், நாட்டிங்ஹாம் பக்கம் ஸ்னாப் என்பார்கள். கேட்டால் திகைக்கவேண்டாம்.

கடைசியாகக் கிறிஸ்மஸ் டின்னர். இரவுச் சாப்பாட்டை டின்னர் என்று சொல்லும் லண்டன்காரர்களும் இந்த ஒரு நாளில் பெரும்பாலும் மதியம் 1 மணிக்கும் 4 மணிக்கும் இடையில் சாப்பிடுகிறார்கள். யாராவது அன்போடு கூப்பிட்டால் இரவு 7 மணிக்குப் போய் நிற்காதீர்கள், அதற்குள் எல்லாம் கழுவி வைத்திருப்பார்கள். அன்றைக்கு ரயில் ஓடாது, லண்டனில் பஸ்ஸும் ஓடாது. எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று கேட்கும்போதே, ஏற்றி இறக்க யாராவது வருவார்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.