லில்லிபாண்டில் கட்டளைக்குப் பெயர் வைக்கும்போது

கட்டளைகளாக எழுதும் இசையைச் சுரக்குறிப்புத் தாளாக்கித் தரும் மென்பொருள் லில்லிபாண்ட். அதில் எழுதப்பட்டு, எங்கள் பாடகர் குழுவில் கைமாறி வந்த நான்கு குரல் பாடல் கோப்பு அது. ஆல்ட்டோ (பெண்களின் தாழ்குரல்) வரியில் ஒரு சுரத்தைச் சட்டென்று மெலிவாகப் பாடவேண்டும் என்பதற்காக எஸ்பி என்ற கட்டளையைச் சேர்த்தேன், அவ்வளவுதான், சொப்ரானோ (உச்சக்குரல்) மெட்டு முழுவதும் ஆல்ட்டோ வரியின் நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது. தேடிப் பார்த்தால், கோப்பின் தொடக்கத்திலேயே சொப்ரானோ பகுதிக்கு எஸ்பி என்று யாரோ பெயர் வைத்திருக்கிறார்கள். லில்லிபாண்ட் இதற்கு எச்சரிக்கை எதுவும் தராது. ஏற்கெனவே இருக்கும் கட்டளையின் பெயரில் நாம் வேறொன்றை எழுதினால், பழையதை விட்டுவிட்டு நாம் எழுதியதையே எடுத்துக்கொள்ளும். பி, எஃப், எம்பி, எஸ்எஃப் எல்லாமே ஒலியளவுக் கட்டளைகள், அதனால் ஓரிரு எழுத்தில் பெயர் வைப்பதே ஆபத்து.

சொப்ரானோமெலடி, ஆல்ட்டோமெலடி என்று நீட்டி மாற்றினேன். மாற்றும்போது முழுச்சொல்லாகத் தேடுங்கள், இல்லாவிட்டால் எஸ்பிபி போன்ற வேறு கட்டளைகளும் சேர்ந்து கெடும். பெயரில் வெறும் எண்ணை ஒட்டினாலும் பிழை வரும், எனவே சரணங்களுக்கு வெர்ஸ்ஒன், வெர்ஸ்டூ.

அப்புறம், டைம்ஸ் 2/3 என்ற கட்டளையில் இருந்த மும்மைகளையும் (இரண்டு சுரத்தின் நேரத்தில் பாடும் மூன்று சுரங்கள்) டூப்லெட் 3/2 என்ற கட்டளைக்கு மாற்றிவிட்டேன். 2.18 பதிப்பிலிருந்தே இது இருக்கிறது. இரண்டு சுரத்தின் நேரத்தில் மூன்று என்று நேராகவே படிக்கலாம், பின்னத்தைத் தலைகீழாக யோசிக்க வேண்டியதில்லை. எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது.